கேரல் வேனில் ஓடிய உலகப் பாட்டு

கேள்வி: அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். சபை வாலிபரோடு கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாய்ப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுவது) போய்த் திரும்பும்போது, வேன் ஓட்டும் அண்ணன் ஒரு பழைய சினிமாத் தாலாட்டைப் போட்டார். ஒதுங்க இடமில்லாத ஒரு அம்மா பாடுவது. இயேசுவின் தாய் மரியாள் நினைவு வந்து அழுதுவிட்டேன். சபை மூப்பர் ஒருவர், "உலகப் பாட்டுக்கு அழுகிறாயே, கர்த்தருடைய பாட்டுக்கு என்றாவது அழுதாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். என்மேல் தவறா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: தவறே இல்லை, மகளே. லூக்கா 2:7-ஐ எடுத்துப் பார். சத்திரத்திலே இடமில்லை, பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே (தீவனத் தொட்டியிலே) கிடத்தினாள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அன்று ராத்திரி அவள் பிள்ளைக்கு என்ன பாடினாள், எப்படித் தூங்கவைத்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. நீ அழுதது அந்த இடத்துக்குத்தான், பாட்டு உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

பெரிய வெள்ளியன்று நாம் பாடுகிறோமே, 'இரத்தம் காயம் குத்தும் நிறைந்து' என்று, அந்த ராகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர், ஒரு பெண்ணை நினைத்துப் புத்தி தடுமாறி நிற்பவன் பாடுவதாகப் போட்ட காதல் பாட்டு அது. பிறகுதான் சபைக்குள் வந்தது. இன்று அதைக் கேட்டால் இயேசுவின் முள்முடிதான் கண்முன் நிற்கிறது. பவுலும் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது, "நாம் அவருடைய சந்ததியார்" என்று கிரேக்கப் புலவர்கள் சொன்னதைத்தானே எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28)?

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு டிசம்பர் காலை, ஏற்காடு ஏரிப் பக்கம் டீக்கடை, பனியில் எதிர்க்கரையே தெரியவில்லை, சூடு போகாமலிருக்க கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். ரேடியோவில், போனவன் இன்னும் வரவில்லையே என்று ஒரு பெண் ஏங்கிப் பாடுகிறாள். 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று சங்கீதம் 13 மனசுக்குள் தானாக வந்தது. வருஷா வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் காத்திருக்கும் திருவருகைக் காலத்தில் பிரசங்கம் கேட்கிறவள்தான் நான், காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் உறைத்தது. டீ ஆறிப்போயிருந்தது.

அதற்காக, பாட்டு எழுதியவரே இயேசுவை நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்லிக்கொண்டு திரியாதே. அது அவருக்குச் செய்கிற அநியாயம். ஆராதனையில் அதைப் பாட வேண்டும் என்றும் அடம்பிடிக்காதே, சபைக்கென்று பாமாலையும் கீர்த்தனையும் இருக்கின்றன. அப்புறம், பாட்டு முடிந்ததும் வேதத்தைத் திறக்கத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள். தோன்றவில்லையென்றால் அது நல்ல பாட்டு, அவ்வளவுதான், அதிலும் குற்றமில்லை.

மூப்பர் எல்லார் முன்னாலும் கேட்டது சரியில்லை. ஆனாலும் பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொஞ்சம் கேக் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. மரியாளை நினைத்து அழுததைச் சொல். சின்ன வயதில் அவருடைய அம்மா என்ன பாடித் தூங்கவைத்தார் என்று கேள்.