கிணற்றை விற்றுத் தங்கக் காசா?

கேள்வி: வாழப்பாடிப் பக்கம் எங்களுக்குக் கிணற்றோடு ஒரு ஏக்கர் இருக்கிறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறோம். "உலகம் போகிற போக்கில் ரூபாய் நோட்டு வெறும் காகிதமாகிவிடும், பேங்கும் இருக்காது, தங்கம்தான் அப்போது காசு" என்று நிலத்தை விற்றுத் தங்கக் காசு வாங்கப் பார்க்கிறார் என் கணவர். சரியா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சகோதரி, அவருடைய பயம் வெறும் பயமில்லை. மலாயாவில் ஜப்பான்காரர்கள் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டு, 1945-இல் அவர்கள் தோற்றதும் செல்லாக் காசானது. சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1991-இல் நம் நாடே டாலருக்குத் தவித்தபோது, சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடமானம் வைத்துத்தான் சமாளித்தது. ஆனால் அன்றைக்கு அடகு வாங்கிக்கொள்ள இங்கிலாந்தும் ஜப்பானும் நிலையாக நின்றன. அதுதான் முக்கியம்.

வாங்குகிறவனும் பசியில் இருந்தால் கதையே வேறு. நம் ஜில்லாவே அதைப் பார்த்திருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கொலுசும் காப்பும் வந்த விலைக்குப் போயின. தானியம் வைத்திருந்தவர் சொன்னதே விலை. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: அப்படி ஒரு காலம் வந்தால், விலை சொல்கிற இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். நிலத்தை விற்றால் விலை கேட்கிற இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று. கடைத்தெருவில் பத்தர் உங்கள் வளையலை உரைகல்லில் இழுத்து, அந்த மஞ்சள் கோட்டில் திராவகம் விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு சுத்தத் தங்கம் என்று மாற்றுச் சொல்வார். அரிசி மூட்டையோடு நிற்கிறவருக்கு அது தெரியாது. பித்தளையோ என்று சந்தேகப்படுவார். நம்பினாலும், எட்டு கிராம் காசை வாங்கிக்கொண்டு இரண்டு படி அரிசிக்குப் போக மீதியை எதில் தருவார்? 2020 ஊரடங்கில் நகைக்கடையும் அடகுக்கடையும் பூட்டிக் கிடந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். பீரோவில் பவுன் இருந்தது, வாசலில் எதிர்பார்த்ததோ பால்காரரையும் காய்க்காரரையும்தான்.

தங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்ட காலத்தைத் தாண்டி மறுகரை சேர்ந்தபின், மறுபடி தொழில் தொடங்க அதுபோல் கைகொடுப்பது வேறில்லை. வருஷ மிச்சத்தில் ஒரு கிராம், இரண்டு கிராம் காசாக வாங்குங்கள். சில்லறைத் தேவைக்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு நாலைந்து ஜோடி. எல்லாவற்றையும் லாக்கரில் வைக்காதீர்கள். பேங்க் இருக்காது என்று பயப்படுகிறவர் பேங்க் லாக்கரை நம்ப முடியாதல்லவா? என்ன இருக்கிறது என்று உறவுக்காரர்களிடமும் சொல்ல வேண்டாம்.

நிலத்தை மட்டும் விற்காதீர்கள். கிணற்றில் மோட்டார் மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு ராட்டினமும் நல்ல வடக்கயிறும் இந்த மாதமே போட்டுவிடுங்கள். குச்சிக்கிழங்குக்கு நடுவே கொஞ்சம் துவரையும், வரப்போரம் நாலு முருங்கையும் வையுங்கள்.