எடை குறைந்த, வளையாத கிராங்க்: கார்பனா, அலுமினியமா?

வணக்கம். 90 கிலோ எடையுள்ள நீங்கள், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் (பெடல்களைத் தாங்கும் இரு கைகளும் அவற்றை இணைக்கும் அச்சும்) வளைவதாக உணர்வதையும், 73 மி.மீ. அகல மரை வகை பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் பகுதி) கொண்ட உங்கள் மலை சைக்கிளுக்குக் கார்பன் கிராங்க் வாங்கலாமா என்று கேட்டிருப்பதையும் படித்தேன்.

முதலில், கிராங்க் கைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று சிறு ஆட்டம் தெரிந்தால், குறை தேய்ந்த பேரிங்கிலோ தளர்ந்த போல்ட்டிலோ இருக்கக்கூடும், புதிய கிராங்க் அதைத் தீர்க்காது.

ஆட்டம் இல்லையென்றால் இரு கைகளையும் இணைக்கும் அச்சைக் கவனியுங்கள், ஏனெனில் இடக்காலின் விசை முழுவதும் அதன் வழியாகவே பல்சக்கரத்தை அடைகிறது. அலுமினியத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஷிமானோ நிறுவனத்தின் எஃகு அச்சு 24 மி.மீ. விட்டத்தில் நிற்க, ஸ்ராம் நிறுவனத்தின் ‘டப்’ (DUB) வகை அலுமினிய அச்சு 28.99 மி.மீ. வரை பருத்திருக்கிறது. ஆனால் மரை வகைச் சட்டகத்தில் அச்சு பருக்கப் பருக்க பேரிங் குண்டுகள் சிறுத்துவிடும், விரைவில் தேயவும் கூடும். சேற்றில் ஓட்டுபவருக்கு இது சிறிய விஷயமன்று.

கார்பன் மிக இலகுவானது, விறைப்பானதும்கூட. எனினும் என்னுடைய கார்பன் கிராங்கில், பெடல் மரைக்கான உலோகச் செருகல் மயிரிழை அளவு தளர்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் முனகியது. அந்தக் கையையே கழித்துவிட நேர்ந்தது. பாறையில் அடிக்கடி இடிக்கும் பாதையென்றால், உள்ளீடற்ற அலுமினியக் கைகள் கொண்ட ஷிமானோவின் எக்ஸ்டி (XT) வரிசைக் கிராங்கையே பரிந்துரைப்பேன். செயின்லைன் (சட்டகத்தின் நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரம் வரையான தூரம்) 52 மி.மீ. என்றால் எம்8100 மாடல், 55 மி.மீ. என்றால் எம்8120. இடக்கையின் இரு போல்ட்டுகளையும் மாறி மாறி, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள்.