ஊரிலிருந்து வந்த அப்பா பேசாமலே இருக்கிறார் என்ற கேள்விக்கு

அம்மா போனபிறகு அப்பாவை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னை ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தீர்கள், இப்போது சாப்பாடு குறைந்துவிட்டது, விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் முட்டிவலி என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வயசானா அப்படித்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல பேருக்கு அழுகையாக வராது. தூக்கம் கெடும், பசி போகும், உடம்பு வலிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவசம், தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் நேரடியாகவே கேளுங்கள், சாகணும்னு தோணுதாப்பா என்று. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அப்புறம், இடம். அங்கே டீக்கடை பெஞ்சில் பேப்பர், ஆற்றில் தண்ணீர் திறந்தாச்சா என்று நாலு பேரிடம் விசாரிப்பு, தெருவில் போகிறவரெல்லாம் பெயர் தெரிந்தவர். இங்கே நாலாவது மாடி, எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், முட்டிவலியோடு தனியாகக் கீழே இறங்கவும் பயம். சாயங்காலம் நீங்களே கூட்டிக்கொண்டு இறங்குங்கள், ஒரே நேரம், ஒரே பெஞ்ச், முகங்கள் பழகட்டும். காய்கறி வாங்குவதை அவர் பொறுப்பில் விடுங்கள். நடவு சமயத்தில் ஊருக்குப் போய்ச் சில வாரம் இருக்க ஆசையா என்று அவரையே கேளுங்கள், முடிவை நீங்கள் எடுத்துவிடாதீர்கள்.