கேட்டுக்கொள்வது யார்?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வரைதாள், கலர் பென்சில், ஜெராக்ஸ் செலவு என்று ஒரு தொகை. ஒரு நாள் கல்விச் சுற்றுலாவுக்கு இன்னொரு தொகை. 'விருப்பமுள்ள பெற்றோர் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று சுற்றறிக்கை வந்தது. நான் இன்னும் கட்டவில்லை. தினமும் காலையில் வகுப்பில் அவள் பெயரை வாசிக்கிறார்களாம். இலவசக் கல்வி என்று சொல்லிவிட்டு இப்படிப் பணம் கேட்க அரசுப் பள்ளிக்கு உரிமை இருக்கிறதா? — ஒரு வாசகி

பதில்: 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. உங்கள் கேள்வியிலும் அது வந்து நிற்கிறது. பணத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் இதைப் பிடித்துக்கொள்கிறேன்.

தமிழில் ஒருவர் ஒன்றைக் கேட்டால், கேட்பவர் யார் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். 'கேட்கிறேன்' என்றால் நான். 'கேட்கிறோம்' என்றால் நாங்கள். எழுவாய்கூடத் தேவையில்லை, ஒரு விகுதி போதும். இப்படிப்பட்ட மொழியில் 'பெற்றோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதினால், விகுதியில் மிஞ்சுவது பெற்றோர் மட்டுமே. கேட்டவர் வாக்கியத்தை விட்டே இறங்கிப் போய்விட்டார். கேட்டது தலைமையாசிரியரா, நிர்வாகக் குழுவா, மேலிடத்து உத்தரவா? 'இந்த மாதம் என்னால் முடியாது' என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? கேட்டவர் பெயர் தாளில் இல்லை. கட்டாதவரின் மகள் பெயர் மட்டும் தினமும் காலையில் வகுப்பில் ஒலிக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு முறை இதை எழுதியபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு மறுப்பு அனுப்பினார். சுற்றறிக்கை என்பது தனிமனிதர் பேச்சல்ல, நிறுவனத்தின் குரல், அதற்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்பது அவர் கட்சி. ஐயா, நிறுவனம் பேசாது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். காசு கேட்கும் இடத்தில் அவர் தன்னை மறைத்துக்கொள்வது கம்பீரம் அல்ல. அவருடைய கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இலவசமாகக் கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது சட்டம். நாட்டுக்கு நாடு வேறுபடும். தனியார் பள்ளி என்றால் கணக்கே வேறு. ஆனால் அரசு 'இலவசம்' என்று அறிவித்த தொடக்கக் கல்வியில், கட்டினால்தான் பாடம் என்று சொல்ல முடியாது. 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி கட்டாயம், அது இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு தூரம் இலவசம் என்ற கேள்வியைப் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1999-ல் எடுத்துக்கொண்டது. அதன் 11-ஆவது பொதுக் கருத்துரையில் உங்கள் மகளின் வகுப்பறையை நேரில் பார்த்து எழுதியதுபோல் ஓர் இடம் வருகிறது. பெற்றோர் மீது சுமத்தும் கட்டாய வசூல், விலை கூடிய சீருடை ஆகிய மறைமுகச் செலவுகளும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, இந்த வசூல் சில நேரம் விருப்பத்தின் பேரில் தருவதாகக் காட்டப்படுகிறது, உண்மையில் அப்படி இல்லை என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சர்வதேச ஆவணம் சுற்றறிக்கைத் தமிழைத் தோலுரித்துவிட்டது என்று அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 3-ஆவது பிரிவைப் பாருங்கள். பிள்ளை தொடக்கக் கல்வியைத் தொடர்வதையோ முடிப்பதையோ தடுக்கக்கூடிய கட்டணம், தொகை, செலவு எதையும் கட்டும் பொறுப்பு அதற்குக் கிடையாது. 'செலவு' என்ற சொல்லைத் தனியாகச் சேர்த்தவருக்கு நான் கைகூப்புகிறேன். கட்டணம் என்று போடாமல் ஜெராக்ஸ் செலவு என்று போட்டால் தப்பிவிடலாம் என்பவர்களுக்கு அதுதான் பதில்.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதில் இன்னும் நுணுக்கமானது. அரசு நிதியில் நடக்கும் பள்ளி, பள்ளி நேரத்தில் நடக்கும் கல்விக்குக் காசு வாங்கக் கூடாது. அந்த நேரத்தில் போகும் சுற்றுலாவும் அதில் அடக்கம். நன்கொடை கேட்கலாம். ஆனால் கேட்கும்போதே, கொடுப்பது கடமையல்ல, கொடுக்காதவரின் பிள்ளையை வேறுமாதிரி நடத்த மாட்டோம் என்று சொல்லியாக வேண்டும். இரவு தங்கும் பயணம் என்றால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கலாம். சில வகை அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களிடம் அதையும் வாங்கக் கூடாது. கைவேலை வகுப்பில் பிள்ளை செய்த பொருளை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று பெற்றோர் முன்பே சொல்லியிருந்தால், அதற்கான மூலப்பொருளுக்குக் காசு கேட்கலாம். கற்றது பள்ளிச் செலவில், கையில் எடுத்துப்போவது வீட்டுச் செலவில். இதைவிட நேரான கோட்டை நான் பார்த்ததில்லை.

'இல்லாதவர்கள் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோமே' என்பார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டம் நாடகம், இசை, விளையாட்டுக்குக் கட்டணம் வைத்துவிட்டு இதைத்தான் சொன்னது. 1984-ல் ஹார்ட்ஸெல் எதிர் கானல் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இலவசப் பள்ளி என்ற உறுதி ஏழைகளுக்கு மட்டும் தந்ததல்ல, எல்லோருக்கும் தந்தது என்றது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் 'நாங்கள் இல்லாதவர்கள்' என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்தனுப்புவது என்னவென்று அந்த நீதிபதிகளுக்குப் புரிந்திருக்கிறது.

எனக்கும் தெரியும். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒவ்வொரு வருடமும் டூருக்குப் பெயர் கொடுக்கும் நாளில் எழுந்து, "சார், எனக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும்" என்பான். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். நாங்கள் போன அன்று அவனையும் இன்னும் நாலைந்து பேரையும் கீழ்வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் கட்டுரை: 'நான் சென்ற கல்விச் சுற்றுலா'. போகாதவர்களுக்கும் அதே தலைப்புதான். இடைவேளையில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி, மேலே காற்று எப்படி அடித்தது, விளக்கு எவ்வளவு பெரிசு, தொட விட்டார்களா? படிகளை நான் எண்ணவில்லை. விளக்கைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. முறுக்கிக்கொண்ட என் செருப்பு வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாலு பேரிடம் கேட்டுக் கேட்டு எழுதினான்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் மலைப்பாதையில் பஸ்ஸில் போனோம். ஐந்து மணி நேரம். ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தான். எத்தனையோ கொண்டை ஊசி வளைவு, ஒன்றில்கூட அவனுக்கு எதுவும் ஆகவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'இலவசமாகக் கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை' என்று அந்தத் தலைமையாசிரியர் எழுதியதற்கு என் பதில் இது. 2003-ல் கென்யா தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் கிமானி மருகே என்பவர் முதல் வகுப்பில் சேர்ந்தார். அவருக்கு வயது 84. அவரும் சீருடை போட்டுக்கொண்டு பொடிப்பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுத்து கற்றார். இலவசத்தை யார் மதிப்பார்கள் என்று என்னிடம் இனி யாரும் கேட்க வேண்டாம். எண்பது வருடம் காத்திருந்தவர் மதிப்பார்.

பள்ளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரசு கொடுக்கும் பணம் சாக்பீஸுக்கும் பேப்பருக்கும் போதாத பள்ளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. கைக்காசு போட்டு அட்டையும் பசையும் வாங்கும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அந்தச் செலவை அரசிடம் எழுதிக் கேட்க வேண்டிய இடத்தில், பிள்ளைகளின் பை வழியாக வீட்டிடம் கேட்கிறார்கள். பெற்றோரிடம் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ளவர் கொடுக்கட்டும், பொது நிதியில் சேரட்டும், பஸ்ஸில் எல்லாப் பிள்ளையும் ஏறட்டும். பணம் சேரவில்லையா, யாருமே போக வேண்டாம், பக்கத்து ஆற்றங்கரைக்கு எல்லோரும் நடந்து போகட்டும். ஆனால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் வகுப்பறைக்குள் வரக் கூடாது. பட்டியல் வந்துவிட்டால் அது நன்கொடை இல்லை, வரி.

நீங்கள் செய்ய வேண்டியது: தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். இரண்டே கேள்வி. இது கட்டாயமா? கட்டாயமென்றால் எந்த உத்தரவின்படி? விருப்பமென்றால், என் மகள் பெயரை வாசிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அவளையும் பஸ்ஸில் ஏற்றுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வகுப்பு ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வாசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கட்டாத மற்ற வீட்டாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஐந்து பெயர் இருந்தாலே போதும். பள்ளி பதில் தராவிட்டால் அதே கடிதத்தை மேலே கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

கடிதத்தை 'நான் கேட்கிறேன்' என்று தொடங்குங்கள்.