அனாமத்துக் கணக்கு

அன்புள்ள ஐயா,

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்து, இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறேன். 600-க்கு 521. பள்ளியில் இரண்டாவது. பள்ளிச் சுவரில் ‘39-க்கு 39, 100 சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் என் போட்டோவும் இருக்கிறது. அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டு வருகிறார்.

எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை. பிளஸ் ஒன்னில் நாங்கள் 43 பேர். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் கணக்குப்பதிவியலில் ஃபெயில். அரியர் எழுதிக்கொள்ளலாம் என்று பிளஸ் டூவுக்கு வந்தாள். காலாண்டுத் தேர்வோடு நின்றுவிட்டாள். இப்போது ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். மிஸ் இரண்டு வாரம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசி நாள் எல்லோரும் அழுதோம். நான் எதற்கு அழுதேன் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று டி.சி. வாங்கினேன். இத்தனை வருஷத்துக்கு இரண்டு மச்சமும் ‘நன்று’ என்ற ஒரு வார்த்தையும்தான் அதில் இருக்கின்றன. இந்த இரண்டு வருஷத்தை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தால் டைம்டேபிள்தான் நினைவுக்கு வருகிறது. வீணாகப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை. சேர இடம் தெரியாத தொகை அனாமத்துக் கணக்கில் கிடப்பதுபோல் இருக்கிறேன். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று சொல்வீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

நீ என் மகளைவிடச் சின்னவள், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். நானும் காமர்ஸ்காரன்தான். 1984-இல் பிளஸ் டூ முடித்தேன், பிறகு முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் பேரேட்டோடு வாழ்ந்தேன். அனாமத்துக் கணக்கு என்ற சொல்லை உன் கடிதத்தில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீணா இல்லையா என்ற கேள்வி. என் அக்கா பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை 1977-இல் முடித்தாள். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு. அது கல்லூரியில்தான் இருந்தது, கல்லூரி இருந்தது டவுனில். பெண்பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அவள் நின்றுவிட்டாள். அடுத்த ஆண்டு, 1978-இல், தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. பி.யு.சி.க்கு டவுனுக்குப் போன படிப்பு, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. நான்கு வருஷம் கழித்து நான் அதே காம்பவுண்டுக்குள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது, என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவள் அக்காதான். கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்காத இரண்டு வருஷத்தைத்தான் நீ முடித்துவிட்டு வந்திருக்கிறாய். அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, உன் உவமைக்கு வருகிறேன். பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி ஒத்துப்பார்க்கும் பட்டியல்தான் இருப்பாய்வு. அது சமன்படாதபோது, பிழை கிடைக்கும்வரை அந்த வித்தியாசத்தைப் போட்டுவைக்கும் இடம்தான் அனாமத்துக் கணக்கு. உன் கணக்கு சமன்பட்டுவிட்டது. 521 வந்திருக்கிறது, டி.சி. கைக்கு வந்திருக்கிறது, கல்லூரியில் இடமும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்; பஸ் செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டாம். நீ அனாமத்தில் இல்லை.

‘பிழைத் திருத்தம்’ பாடத்தில் இன்னொன்று படித்திருப்பாய்: இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள். அதில் ஒன்று முழு விடுபிழை. கடனுக்குச் சரக்கு விற்றாயிற்று, ஏட்டில் ஏற்றவே இல்லை. பற்றும் எழுதவில்லை, வரவும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் கூட்டல் அழகாகச் சமன்படும். தணிக்கைக்கு வருகிறவர்கூட ரசீதுக் கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்.

உன் பேனரை நினைத்துப் பார். 39-க்கு 39. தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் தேர்ச்சி சதவீதம் போடுவார்கள். உன் தோழி வகுத்த எண்ணிலும் இல்லை, வகுபட்ட எண்ணிலும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, உன் ஆசிரியர்கள் அந்த 39 பேருக்காக உயிரைக் கொடுத்து உழைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு விடுபிழை இருக்கிறது. அது உன் கண்ணில் பட்டதற்குக் காரணம், நீ அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பேனர் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு என்பது 2018 மார்ச்சில்தான் முதன்முதலாக நடந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு. பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்திய பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் அதனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று பொதுத்தேர்வு. கடைசியில் மாநிலக் கல்விக் கொள்கை வந்து 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். அதாவது, 2025 மார்ச்சில் நீங்கள் எழுதியதுதான் கடைசி. உன் தோழி ஒரு வருஷம் தள்ளிப் பள்ளியில் சேர்ந்திருந்தால் அவளைத் தடுக்கிவிழவைத்த அந்தத் தேர்வே இருந்திருக்காது.

என்னிடமும் ஒரு விடுபிழை இருக்கிறது. எங்கள் காலத்தில் ரிசல்ட் பேப்பரில் வரும், வெறும் நம்பராக. என் நம்பருக்கு அடுத்த நம்பர் என் பெஞ்ச்காரனுடையது. என் நம்பர் இருந்தது, அதற்கு அடுத்து இரண்டு எண் தள்ளி வேறு யாருடையதோ. அவன் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. போக வேண்டும் என்று தோன்றியது. போய் என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். அந்த நாளை வரவேயில்லை. இருபது வருஷம் கழித்து நகைக்கடன் கவுண்டரில் ஒரு ஜோடித் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்து நின்றான். ஃபாரத்தை என் பக்கம் தள்ளி, “எங்க கையெழுத்துப் போடணும் சார்?” என்றான். என்னை அடையாளம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சார் என்றான். நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு இடத்தைக் காட்டினேன். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

அதனால் என்ன எழுதுவது என்று கேட்டால், அந்த சிவப்புக் கோட்டிலிருந்து ஆரம்பி என்பேன். மிஸ் கடைசியாக அவள் பெயரைக் கூப்பிட்டது என்றைக்கு, அப்போது வகுப்பில் யார் திரும்பிப் பார்த்தார்கள், பெஞ்சில் அவள் பை வைக்கும் இடத்தில் அப்புறம் யார் பை வைத்தார்கள்? டைம்டேபிள் தானாக ஒதுங்கிவிடும்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குத் தேதி உண்டு. ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள், கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது. அவள் எந்தத் தாளை எப்போது எழுதலாம் என்று உங்கள் தலைமையாசிரியரிடம் நாளைக்கே போய்க் கேள். உன் போட்டோவைப் பேனரில் போட்டவர்கள் நீ கேட்டால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.

கேட்டுக்கொண்டு, ஜவுளிக்கடைக்கு என்றைக்கு லீவோ அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போ. குரூப் போட்டோவை எடுத்துப் போகாதே, உன் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுத்துப் போ. அவள் வேண்டாம் என்றாலும் அங்கேயே வைத்துவிட்டு வா.

வந்து எனக்கு எழுது.

அன்புடன்.