டர்போ என்ஜினில் தண்ணீர் பீய்ச்சும்போது இக்னிஷன் டைமிங்கை ஏன் மாற்றுகிறார்கள்?

பிஸ்டன் மேலே உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பு ஸ்பார்க் பிளக் பொறியிடும் தருணமே இக்னிஷன் டைமிங். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று சூடானது என்பதால், பொறியை அதிகம் முன்தள்ளினால், அதாவது மிகச் சீக்கிரமாகப் பொறியிட்டால், சுடர் சென்றடையாத கலவை தானாகவே வெடித்து நாக்கிங் உண்டாகும். அது தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். கோடை மாலையில் மொட்டை மாடியில் தெளித்த நீர் ஆவியாகித் தரையின் சூட்டைத் தணிப்பதுபோல, பீய்ச்சப்படும் நீர்த்துளிகள் ஆவியாகையில் கிலோவுக்கு 2,200 கிலோஜூலுக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சுவதால், நாக்கிங் தள்ளிப்போய், கூடுதல் சக்திக்காகப் பொறியை, என்ஜின் தண்டின் சுழற்சிக் கோணத்தில் ஒவ்வொரு டிகிரியாக, முன்னகர்த்த இடம் கிடைக்கிறது.

1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில், நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தீர்ந்துவிட்டால் டர்போ அழுத்தம் தானாகக் கட்டுப்படுத்தப்பட்டது; அத்தகைய பாதுகாப்பு இல்லாமல் டைமிங்கை முன்தள்ளவே கூடாது.

தண்ணீரே எரிந்து சக்தி தருவதாகப் பலர் எண்ணுகிறார்கள்; அது எரிவதில்லை, டைமிங்கை மாற்றாமல் நீரை மட்டும் பீய்ச்சினால் எரிதல் மெதுவாகிச் சக்தி சற்றுக் குறையவும் கூடும்.