தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை, சரி. சொதியை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. தோட்டம் செய்கிறேன். போன மாதம் இரத்தம் சோதித்ததில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரோல் 158 என்று வந்தது. சீனி, பிரஷர் இல்லை, புகைப்பதும் இல்லை. குளிசை இல்லாமல் சாப்பாட்டாலும் நடையாலும் குறைக்கலாமா? முட்டையையும் இறாலையும் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்கிறார்களே, அது உண்மையா டொக்டர்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முயன்று பார்க்கலாம் தம்பி. ஆனால் முட்டையையும் இறாலையும் விட்டதால் பெரிய மாற்றம் வராது. கிழமைக்கு மூன்று நாலு அவித்த முட்டை தாராளமாகச் சாப்பிடுங்கள். கைவைக்க வேண்டிய இடம் தேங்காய்ப்பால்.

தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை எங்கள் ஈரலே செய்கிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது உடம்பில் கூடினால், எல்.டி.எல்லை இரத்தத்திலிருந்து பிடித்தெடுக்கும் ஈரலின் வேலை மந்தமாகிவிடும்.

கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நேற்றுச் சாப்பிட்டதை விடியலிலிருந்து சொல்லச் சொல்வேன். "எண்ணெயே சேர்ப்பதில்லை" என்றுதான் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும்: தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு, சம்பல், மத்தியானம் முதற்பாலில் வைத்த கத்தரிக்காய்க் கறி, இரவு இடியப்பத்துக்குச் சொதி. இடையில் பால்மாத் தேத்தண்ணி, சந்தியில் ஒரு ரோல்ஸ்.

தேங்காயை முற்றாக விடு என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்வதில்லை. ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளில் மீனைப் பழப்புளி விட்டுக் காய்ச்சலாம். கீரையைப் பால் விடாமல் வெங்காயத்தோடு வதக்கலாம், அதற்கு நல்லெண்ணெய் கொஞ்சம் போதும். முல்லைத்தீவுச் சூடை மீன் கிடைத்தால் விடாதீர்கள், பொரிக்காமல் குழம்பு வையுங்கள். ரோல்ஸுக்குப் பதிலாக உப்பில்லாத அவித்த கச்சான் ஒரு கைப்பிடி. காலையில் அவித்த பயறு அல்லது கௌபி, கறிக்கு வெண்டிக்காய். இவற்றிலுள்ள நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்கும்.

நடையால் மட்டும் எல்.டி.எல். அவ்வளவாக இறங்காது. ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு இறங்கும், இதயத்துக்கும் பிரஷருக்கும் நல்லது. அதனால் கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கத்தான் வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் என்றால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். யானை நிற்கும் இடத்தில் இருட்டோடு நடக்க வேண்டாம்.

அப்புறம், குளிசையைப் பகையாக நினைக்காதீர்கள். எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், சீனி உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டு அதை நிறுத்தவும் கூடாது.

நீங்கள் மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப இரத்தம் சோதியுங்கள். அதோடு தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும். அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆண்களுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மூன்று மாதம் காத்திராமல் இப்போதே உங்கள் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.